குட்நைட் தனி ஆள் இல்லை

ரெண்டு நாளா எல்லோர் பக்கத்திலும் ஓடுற அந்த வீடியோவைப் பத்தித்தான் எழுதுறேன். சார்லஸ் குட்நைட் என்கிற ஒற்றை மனிதர் டெக்சஸில் 13 லட்சம் ஏக்கர் மாட்டுப் பண்ணையைத் தனியாகக் கட்டி எழுப்பினாராம். பின்னணி இசை, குதிரை, சூரிய அஸ்தமனம் எல்லாம் இருக்கு. ஏழு நிமிஷத்தில் ஒரு இடத்தில்கூட அவர் மனைவி பெயர் இல்லை. அவரோடு மாடு ஓட்டிய போஸ் ஐகார்ட் பெயரும் இல்லை. இதைக் கேட்டதுக்கு "எல்லாத்திலும் குறை கண்டுபிடிக்கிறவர்" என்று எனக்கொரு பட்டம்.

குட்நைட் பெரிய ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1866ல் மாட்டு வியாபாரி ஆலிவர் லவ்விங்கோடு சேர்ந்து 2,000 மாடுகளையும் 18 ஆட்களையும் கூட்டிக்கிட்டு நியூ மெக்சிகோவில் இருந்த ஃபோர்ட் சம்னர் ராணுவக் கோட்டைக்குக் கிளம்பினார். நடுவில் பேகோஸ் ஆறு வரைக்கும் சுமார் 80 மைல் தண்ணீரே கிடையாது. நின்றால் மாடு சாகும் என்பதால் ராத்திரியும் ஓட்டினார்கள். ஆற்று வாசனை பட்டதும் தாகத்தில் இருந்த மந்தை கட்டுமீறி ஓடியது. செங்குத்தான கரையில் பின்னால் வந்த மாடு முன்னால் நின்றதைத் தள்ளிவிட, ஆற்றிலேயே நூறு மாடுகள் போல முடிந்தன. வழியில் தாகத்தால் செத்தவை ஏறக்குறைய 300.

மந்தையோடு போகிற சமையல் வண்டியிலும் அவர் மூளை தெரியும். பழைய ராணுவ வண்டிக்கு இரும்பு அச்சு போட்டு, பின்புறம் அறை அறையாகத் தடுத்த ஒரு பெட்டியை வைத்தார். மாவு, காப்பி, பீன்ஸ், உப்பு, மருந்து எல்லாத்துக்கும் தனித்தனி இடம். கீல் வைத்த மூடியை இறக்கி ஒரு கால் கொடுத்தால் அதுவே சமையல் மேசை. கன்றுகளுக்கும் ஒரு வழி கண்டார். வழியில் பிறந்த கன்றால் மந்தையோடு நடக்க முடியாது, அதனால் காலையில் கொன்றுவிடுவார்கள். பிறகு கன்றுகளை வண்டியில் ஏற்றிப் பார்த்தபோது வேறு சிக்கல் வந்தது. ஒன்றோடொன்று உரசி வாசனை கலந்துவிட்டால் தாய்ப்பசு தன் கன்றைச் சேர்க்காது. ஒவ்வொரு கன்றையும் தனிச் சாக்கில் போட்டு, மறுநாளும் அதே கன்றுக்கு அதே சாக்கு என்று வைத்த பிறகுதான் அது சரியானது. இவ்வளவு நுணுக்கமான மனிதரைத்தான் வீடியோவில் வெறும் வீரனாகக் காட்டுகிறார்கள்.

ஆனாலும் அவர் தனி ஆள் இல்லை. மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்ட் அந்தப் பாதையில் அவரோடு நாலு வருஷம் மாடு ஓட்டினார். மாடு விற்ற காசை ஐகார்டிடம்தான் கொடுத்து வைப்பார் குட்நைட். கருப்பின ஆளின் படுக்கையில் பணம் இருக்கும் என்று எந்தத் திருடனும் தேடமாட்டான் என்பது அவர் கணக்கு. "சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1929ல் ஐகார்ட் இறந்ததும் 93 வயதில் குட்நைட்டே ஒரு நினைவுக்கல் வைத்தார். எந்த வேலைக்கும் பின்வாங்காதவர், மந்தை மிரண்டு ஓடிய எத்தனையோ முறை கூடவே குதிரை ஓட்டியவர் என்று அதில் வெட்டினார். முதலாளியே கல்லில் பதித்த பெயரை இன்றைக்கு உட்கார்ந்து அழிக்கிறோம்.

அவர் "காசில்லாத மனிதர்" என்று சொல்வதும் பாதிதான் உண்மை. 1873 பொருளாதார வீழ்ச்சி அவரை நொறுக்கியது நிஜம். 1877ல் அயர்லாந்துக்காரர் ஜான் அடேர் 10 சதவீத வட்டிக்குக் கொடுத்த பணத்தில்தான் வீடியோவில் வருகிற அந்தப் பண்ணையே, ஜே.ஏ. பண்ணை என்று பெயர், ஆரம்பித்தது. குட்நைட்டுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம், கடைசியில் மூன்றில் ஒரு பங்கு. நிலமும் சும்மா கிடக்கவில்லை. 1874ல் ராணுவம் பண்ணை அமைந்த பாலோ டூரோ பள்ளத்தாக்கில் புகுந்து கமாஞ்சே, கையோவா, செயன் என்கிற பூர்வகுடி மக்களின் முகாம்களை எரித்தது. பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது. ரெண்டே வருஷத்தில் 1,600 மாடுகளோடு குட்நைட் இறங்கினார். முன்னே சொன்ன ஃபோர்ட் சம்னரில் மாட்டுக்கு நல்ல விலை ஏன் கிடைத்தது? அங்கே ஆயிரக்கணக்கான நவஹோ பூர்வகுடி மக்களை அரசு அடைத்து வைத்திருந்தது, விளைச்சல் பொய்த்துப் பசி. இதைச் சொன்னால் அரசியலாம். மாட்டை வாங்கியது யார் என்று சொல்லாமல் மாட்டு வியாபாரத்தை எப்படிச் சொல்வது?

சரி, குட்நைட்டின் மனைவி மேரி ஆனுக்கு வருகிறேன். மோலி என்று கூப்பிடுவார்கள். பெற்றோரை இழந்து, தம்பிகளை வளர்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். 1870ல் கல்யாணம். 1877ல் அந்தப் பள்ளத்தாக்குக்கு அவரே ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்து வீடு என்றால் 75 மைல் தள்ளி. காயத்துக்கு மருந்து, கிழிந்த சட்டைக்குத் தையல், எழுத்துத் தெரியாத பையன்களுக்குப் பாடம் எல்லாம் அவர்தான். ஒரு பையன் சாக்கில் மூன்று கோழி கொண்டுவந்து கொடுத்தான். அவர் குழம்பு வைக்கவில்லை. பேச்சுத்துணைக்கு வளர்த்தார். அவர் இருந்த தனிமையை இதற்கு மேல் நான் எப்படி விளக்க?

"அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே" என்று ரொம்ப லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்றால் எல்லோர் பெயரையும் போட வேண்டியதுதானே! தோல் வேட்டைக்காரர்கள் பைசன் காட்டெருமைகளைக் கொன்று குவித்த அதே வருஷங்களில், அநாதையான கன்றுகளைப் பிடித்துவரச் சொல்லிக் கணவரை வற்புறுத்தியவர் மோலி. அந்த மந்தையின் வாரிசுகள்தான் 1997 முதல் கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்காவில் மேய்கின்றன. வீடியோவின் கடைசிக் காட்சியில் வருகிற பைசன்களையும் குட்நைட் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

வீடியோவை நீக்கச் சொல்லி நான் எங்கேயும் கேட்கவில்லை. கீழே விளக்கக் குறிப்பில் மோலி, ஐகார்ட் ரெண்டு பெயரையும் சேர்க்கச் சொல்லி நேற்று எழுதினேன். பதில் வரவில்லை, என் கமெண்டும் இப்போது அங்கே இல்லை.