சாலையை மறித்து ஒரு சாலைப் பாதுகாப்பு

கையை உயர்த்தி என் வண்டியை நிறுத்த அந்த மனிதருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? போக்குவரத்துக் காவலரா அவர்? இல்லை. ஊர்க்காவல் படையைச் சேர்ந்தவரா? அதுவும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குடும்பத் தலைவர். முழங்காலுக்குக் கவசம், முதுகில் மோட்டார்சைக்கிள் கிளப்பின் பெயர் அச்சிட்ட ஜாக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலை தவளக்குப்பம் சந்திப்பில் தன் கனத்த வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி வந்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள் அம்மா. எங்கள் வண்டிகள் எல்லாம் சேர்ந்து போக வேண்டும்."

"வேலைக்கு நேரமாகிறது சார், வழிவிடுங்கள்."

"சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயணம் அம்மா. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் செய்கிறோம்."

எனக்காகவா? நான் கேட்டேனா? கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நான் போய் நின்றால்தான் இரவெல்லாம் கண்விழித்த பெண் வீட்டுக்குப் போக முடியும். அரியாங்குப்பத்திலிருந்து அதற்காகத்தான் விடியும்போதே கிளம்புகிறேன். எனக்காக எதையாவது செய்ய நினைத்திருந்தால் அந்தக் கையை அவர் கீழே இறக்கியிருக்கலாம்.

இறக்கவில்லை. வண்டிகள் இரண்டிரண்டாக வந்தன. இரண்டு போனதும் சாலை காலியாக இருந்தது. ஒரு பஸ்ஸே புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி. கை இறங்கவில்லை. அடுத்த ஜோடி வந்தது. அதில் ஒருவர் ஹெல்மெட்டில் கேமரா பொருத்தியிருந்தார். சந்திப்பின் நட்டநடுவில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்கள் படத்தில் விழுகிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்னொருவருக்கு அந்த இடத்தில்தான் கையுறை மாட்டத் தோன்றியது. ஒரு வண்டி அணைந்து நின்றுவிட்டது. அதைச் சுற்றி மூன்று பேர் நின்று யோசனை சொன்னார்கள். எனக்குப் பின்னால் பால்காரர் ஹாரன் அடித்தார். மீன் கூடைகளோடு ஷேர் ஆட்டோவில் இருந்த பெண்கள் வாய்விட்டே திட்டினார்கள். கடலூர் பஸ்ஸின் ஓட்டுநர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "யாருக்குச் சொந்தமான ரோடு இது?" என்று கேட்டார். மார்ஷல் அவருக்கும் அதே உள்ளங்கையைக் காட்டினார்.

மார்ஷல் என்றுதான் அவரை அவர்கள் அழைத்தார்கள். பதவிப் பெயர்! கடைசி வண்டி போன பிறகாவது விட்டாரா? இல்லை. கடைசியாக வந்தவரிடம் "யாராவது பின்தங்கிவிட்டார்களா?" என்று விசாரித்தார். அவர் யாரையோ கைப்பேசியில் அழைத்தார். அந்த முனையில் இருந்தவர் இன்னும் முருங்கப்பாக்கத்தில் இருக்கிறாராம். டீ எங்கே குடிப்பது, கிருமாம்பாக்கத்திலா கன்னியகோவிலிலா என்று சந்திப்பின் நடுவிலேயே பேசி முடித்தார்கள். பிறகு மார்ஷல் நிதானமாக ஏறி அமர்ந்து, ஹெல்மெட் வாரை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியைக் கிளப்பினார். அதன் பிறகும் முள்ளோடை வரை அந்த ஊர்வலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போனேன். முந்த இடம் தரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த இரவு ஷிஃப்ட் பெண் எதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை மரப்பாலத்தில் அதே மார்ஷலைப் பார்த்தேன். அதே மீசை, அதே மனிதர். ஜாக்கெட் இல்லை, முழங்கால் கவசம் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. காலில் ரப்பர் செருப்பு, ஸ்கூட்டரின் முன்னால் காய்கறிப் பை. சுற்றிப்போகச் சோம்பல் பட்டு, எதிர்த்திசையில் தடுப்பை ஒட்டியபடி வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நீட்டிய அதே கையில் செவ்வாய்க்கிழமை கைப்பேசி. அவருக்குப் பாதுகாப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை உடை. மற்ற ஆறு நாளும் அதைக் கழற்றி மாட்டிவிடுகிறார்.

இந்த வகை மனிதர்களை எனக்குத் தெரியாதா? என் அண்ணனே இந்தச் சாதிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தான். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. வெறும் 98 சிசி, எடை நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் கிளம்பினால் அம்பு. அவனும் அவன் நண்பர்களும் சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிவிட்டுத் தெருவையே அலற வைத்தார்கள். அப்போது அவர்களுடைய குழு ஒரு மெக்கானிக் கடையின் பெஞ்சுதான். யார் கடலூருக்கு எத்தனை நிமிடத்தில் போய்வந்தான் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அப்பா திட்டுவார், அம்மா அழுவாள்.

கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. ஆர்எக்ஸை விற்றுவிட்டு லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று கணக்குப் பார்க்கும் வண்டிக்கு மாறினான். அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் அவன் ஒழுங்காக ஓட்டிய காலம். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் அண்ணி, அவள் மடியில் இன்னொன்று. அந்தக் காலத்தில் அவனுக்கு எந்தக் குழுவும் இல்லை, எந்தக் கிளப்பும் இல்லை, எந்த ஜாக்கெட்டும் இல்லை. இன்று அவர்கள் முழங்கும் பொறுப்பு அன்று சத்தமில்லாமல் அவனிடம் இருந்தது.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை 350 சிசி, 195 கிலோ. இருபது வயதில் நூறு கிலோ வண்டியைத் தூக்கி நிறுத்தியவன், மூட்டு தேய ஆரம்பித்த வயதில் அதைப்போல் இரண்டு மடங்கு எடையைத் தேடிப்போய் வாங்குகிறான். கூடவே வாட்ஸ்அப் குழு. அண்ணன் என்னிடம் பெருமையாகக் காட்டினான். காலையில் வணக்கப் படம். பிறகு எந்த எஞ்சின் ஆயில் நல்லது என்று இரண்டு நாள் சண்டை. லடாக் போனவர்களின் புகைப்படம், போகாதவர்களின் ஏக்கம். நடுநடுவே முதுகுவலிக்குத் தைலம். இவற்றோடு தினமும் ஓர் அறிவுரை: "இன்றைய இளைஞர்களுக்குச் சாலை ஒழுக்கமே இல்லை." இதை எழுதுகிறவர்களின் வண்டியில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய சைலன்சர் இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல்தான் வரம்பு என்பது அந்தக் குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியாதா?

ஈசிஆரில் இரவில் பந்தயம் விட்டு, அதை வீடியோ எடுத்துப் போடுகிற பையன்களை நான் ஆதரிக்கவில்லை. அவர்களில் சிலரைப் படுக்கையில் புரட்டிப்போட்டுப் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். ஆனால் இருபது வயதுக்காரன் விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறுகிறான்; காவலரைக் கண்டால் ஓடுகிறான். இந்த ஐம்பது வயதுக்காரர்களோ, விதியே தாங்கள்தான் என்று நம்புகிறார்கள். அவனைத் திட்டித் திருத்தலாம். இவர்களை யார் திட்டுவது? ஊரில் பெரிய மனிதர்கள், கடைக்கு முதலாளிகள், வீட்டுக்கு மாமனார்கள்.

2019 பிப்ரவரியை மறந்துவிட்டார்களா? அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி புதுச்சேரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார். அந்த விவகாரமும் சேர்ந்து வெடித்து, முதலமைச்சர் நாராயணசாமி ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். யாருக்கு என்ன அதிகாரம் என்ற அவர்கள் சண்டை வேறு. ஆனால் "சின்ன ஊரில் எதற்கு ஹெல்மெட், தலை வியர்க்கிறது, முடி கொட்டுகிறது" என்று டீக்கடைதோறும் முழங்கியவர்கள் யார்? இன்று கிளப் ஜாக்கெட்டில் விழிப்புணர்வு ஊட்ட வருகிறவர்களில் பலர்தான். என் அண்ணன் அன்று பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இவர்கள் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் பேச மாட்டார்கள். வயது! நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகுகிறது. அறுபதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் இருந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எதிர்வெளிச்சத்தில் கூசிய கண் தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. கழுத்து முழுதாகத் திரும்புவதில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கும் நேரம் நீள்கிறது. இது யாருடைய குற்றமும் இல்லை, எனக்கும் வருகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்? மருத்துவரிடம் கண்ணைக் காட்ட வேண்டும், இரவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவர்கள் செய்வது என்ன? வண்டியின் முன்னால் கூடுதலாக இரண்டு எல்இடி விளக்குகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். தங்களுக்குப் பார்வை மங்குகிறது என்பதற்காக எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பறிக்கிறார்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து இரவில் ஆல்பேட்டை தாண்டி வரும்போது அந்த வெள்ளை வெளிச்சத்தில் சாலையோரம் நடக்கிறவர் யார், மாடு எது என்று எனக்குத் தெரிவதில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவம் 1ஏ-யில் மருத்துவர் சான்று வேண்டும். சட்டம் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. அந்தச் சான்றுக்காக உண்மையிலேயே எழுத்துப் பலகையின் முன் நின்று படித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குழுவில் கேட்டுப்பாருங்கள். உங்களில் பாதிப்பேர் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

எங்கள் எலும்பு முறிவு வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் வேகத்தில் விழுந்தவர்கள் அல்லர். நின்ற இடத்தில் கனத்த வண்டி சாய்ந்து, கீழே கணுக்கால் மாட்டிக்கொண்டு வருகிற நடுவயது ஆண்களும் இருக்கிறார்கள். இருபதில் சீக்கிரம் கூடும் எலும்பு ஐம்பதைத் தாண்டியும் அதே வேகத்தில் கூடுமா? சர்க்கரையும் இருந்தால் புண் ஆறாது. அப்போது அருகில் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பது யார்? கிளப் மார்ஷலா? மனைவிதான்.

அந்த மனைவிக்கு இவர்கள் செய்கிற காரியத்தைக் கேளுங்கள். மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் உட்காருகிறவருக்குப் பிடிமானமும் கால்தாங்கியும் இருக்க வேண்டும். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். வண்டி வாங்கிய முதல் வாரமே அண்ணன் கழற்றியது எதை? சாரி கார்டைத்தான். வண்டியின் அழகு கெடுகிறதாம்! அண்ணி சேலை கட்டுகிறவள். ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டு ரெட்டிச்சாவடி வரை போய்வருகிறாள். அவன் உடம்பில் முழங்கை, முழங்கால், முதுகு என எல்லாவற்றுக்கும் கவசம். அவளுக்குப் புடவை. கேட்டால், "நீ எதற்கு அவளைத் தூண்டிவிடுகிறாய்?" என்கிறான்.

சரி, அண்ணிக்கு ஒரு நல்ல ஹெல்மெட்டாவது வாங்கித் தரலாம் என்று நானே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இன்னொரு கூத்து. கடைக்காரர் எடுத்துப் போட்டது எல்லாம் "லேடீஸ் ஹெல்மெட்". ரோஸ் நிறம், பக்கத்தில் பட்டாம்பூச்சி, காதுவரைதான் மூடும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று விதி இருக்கிறது. முத்திரை எங்கே என்றால், "ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் மேடம்" என்கிறார். முழு முகத்தையும் மூடுவதைக் கேட்டால், "அது ஜென்ட்ஸ் மாடல், கனமாக இருக்கும், கொண்டை இடிக்கும்" என்கிறார். பெண்ணுக்குத் தாடை எலும்பு இல்லையா? தார்ச்சாலையில் மோதினால் எங்கள் பல் உடையாதா? தாடை பெயர்ந்து வந்த பெண்களுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன். தலைச் சுற்றளவு 560 மில்லிமீட்டர் அளவில், முகம் முழுவதும் மூடுகிற, முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்றைக் கேட்டால் புதுச்சேரியில் எத்தனை கடை ஏற வேண்டும்? நேரு வீதியில் ஆரம்பித்து அண்ணா சாலை வரை கேட்டுவிட்டோம். எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டாம்பூச்சி வேண்டாம்.