தட்டப் பாதத்துக்கு ஸ்பெஷல் சோல் கட்டாயமா?
நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, பிள்ளைக்கு தட்டப் பாதம்னா (உள்ளங்கால்ல வளைவு இல்லாம தரையில படியுறது) உடனே ஷூவுக்குள்ள வைக்கிற ஸ்பெஷல் சோல் வாங்கிப் போடணும், இல்லன்னா வளைவே வராது, பிறகு என்எஸ்ல (சிங்கப்பூர்ல பசங்க செய்ய வேண்டிய கட்டாய தேசிய சேவை) ரொம்ப கஷ்டப்படுவான்னு. தப்புங்க. சின்னப் பிள்ளைங்க பாதம் பெரும்பாலும் தட்டையாத்தான் இருக்கும், வளைவு மெதுவா, பத்து வயசுக்குள்ள வரும், சோல் போட்டு அத வரவைக்க முடியாது. சிலருக்கு வராமலே போகும், வலி இல்லன்னா அதுவும் பிரச்சினை இல்ல.

நுனிக்கால்ல நிக்கச் சொல்லிப் பாருங்க, அப்ப வளைவு தெரிஞ்சா பாதம் விறைப்பில்லாம வளையுற மாதிரிதான் இருக்கு.

வலிச்சா கதை வேற. கெண்டைக்காலுக்கு ஸ்ட்ரெச்சிங், குதிகாலை நல்லா பிடிக்கிற ஷூ (அந்த தட்டையான ஜப்பான் சிலிப்பர் வேணாம் லா), அப்ப சோலும் வலியக் குறைக்க உதவலாம். பாதம் விறைப்பா இருந்தாலோ, பெரியவங்களுக்கு ஒரு கால் மட்டும் புதுசா தட்டையானாலோ பாலிகிளினிக் போய்க் காட்டுங்க.