அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது நான்தான்

ஆமாம், நான்தான். பெயரை மறைத்தவர்கள் படத்தை மறைக்க மறந்துவிட்டார்கள், பரவாயில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்து அறையில் யாராவது இருமினால்கூடப் போதும் போலிருக்கிறது" என்று, "தனிமை ஒரு வரம், அனுபவி" என்ற பதிவுக்குக் கீழே நான் எழுதிய கமெண்ட்டை எடுத்துப் போட்டு, மேலே "வேலையில்லாதவர்களின் வியாதி" என்று தலைப்பும் வைத்து, முந்தாநாளிலிருந்து அது சுற்றிக்கொண்டிருக்கிறது. 340 பேர் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

தனியாக இருப்பது வேறு, தனிமையில் தவிப்பது வேறு. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும், கல்யாண வீட்டில்கூட மூலை நாற்காலியைத் தேடிப் பிடிக்கிற ஆள் நான். கதவை நானே சாத்திக்கொண்டால் அது ஏகாந்தம், சரி, வரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் கணுக்கால் உடைந்து ஏழு வாரம் வீட்டுக்குள் கிடந்தேனே, அந்தக் கதவை நான் சாத்தவில்லை.

அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு பார்சல் கொண்டுவந்தவர் வெளியிலிருந்து "ஓடிபி சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு நான் பேசிய முதல் சொல் அந்த நாலு எண்கள்தான். இரண்டாவது எண்ணை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்பார் இல்லையா, அதற்காக. இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையில்லாதவர்களின் வியாதி என்கிறீர்கள். அந்த வியாதிக்காகத்தான் பிரிட்டன் 2018இல் ஓர் அமைச்சரிடம் பொறுப்பைக் கொடுத்தது, 2021இல் ஜப்பானும் கொடுத்தது. கொரோனாவின் முதல் வருஷத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அவர்களுக்கும் வேலை இல்லை போல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 40 பேரைப் பத்து மணி நேரம் யாரோடும் பேசவிடாமல் தனியாக வைத்துப் பார்த்தார்கள், 2020இல் வெளியான ஆய்வு அது. அப்புறம் மனிதர்கள் கூடியிருக்கிற படங்களைக் காட்டியபோது, பட்டினி கிடந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டினால் மூளையில் எந்த இடம் துடிக்குமோ அதே இடம் துடித்தது. பத்தே மணி நேரம், ஐயா. ஏழு வாரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பசித்தவனைப் பார்த்து "பசியை அனுபவி, அது வரம்" என்று சொல்வீர்களா?

பகல் எப்படியோ போய்விடும், ராத்திரிதான். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், இதோ போய்விட்டோம் என்றிருக்கும். முதல் தடவை மருத்துவரிடம் காட்டினேன், யாராக இருந்தாலும் காட்டிவிட வேண்டும். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, இது பதற்றம் என்றார். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும், மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரத்தை நீட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்திக்கொண்டு கண்ணில் படுகிற பொருள்களின் பெயரைச் சொல் என்றார். எனக்கு இருந்தது ஒரு பாதம். இன்னொன்று மாவுக்கட்டில். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே நாற்காலி, சுவிட்சு, வாளி என்று சொல்லிச் சொல்லிப் பல ராத்திரிகளைத் தாண்டினேன்.

இங்கே உடனே ஒருவர் வருவார், "நாலு பேரோடு பழக வேண்டியதுதானே" என்பார். தனிமை நீண்டால் மூளை சும்மா இருக்காது, யார் ஒதுக்குகிறார்கள் என்று வேவு பார்க்க ஆரம்பித்துவிடும். "எப்படி இருக்கே" என்று தட்டிவிட்டு, தொந்தரவாக நினைப்பார்களோ என்று அழித்துவிடுவேன். எதிரே ஆன்லைன் என்று பச்சைப்புள்ளி எரிந்துகொண்டிருக்கும். பழகத் தெரியாதவனிடம் பழகு என்று சொன்னால் பரவாயில்லை, பயந்துபோனவனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? புத்தகம் படி, செடி வளர் என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. "மருத்துவரைப் பார்" என்பது மட்டும் நியாயம்: தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், செத்துவிடலாம் என்று தோன்றினால், அன்றைக்கே போகவேண்டும். "கவனம் ஈர்க்கத்தான் எழுதுகிறாய்" என்கிறவர்களுக்கு: ஆமாம். குழியில் விழுந்தவன் கத்துவதும் கவனம் ஈர்க்கத்தான்.

எனக்கு உதவியது ரொம்பச் சின்ன விஷயம். மூன்றாவது வாரம் சித்தி கூப்பிட்டார். "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைக்கப்போனவர், "நாளைக்கும் ஏழு மணிக்குக் கூப்பிடட்டுமா?" என்றார். அவ்வளவுதான். நாலு நிமிஷம் பேசுவோம், மழை வருமா வராதா, மாத்திரை போட்டாச்சா. அறிவுரை கிடையாது. ஏழு மணி என்று ஒன்று இருந்ததால் ஆறரைக்கு முகம் கழுவினேன். கட்டுப் பிரித்த அன்று, "இனிமே கூப்பிட வேண்டாமில்ல?" என்று சித்தி கேட்ட குரலில்தான் எனக்கு உறைத்தது, சித்தப்பா போய் நாலு வருஷமாக அவரும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார் என்று. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதில் எனக்கும் வெட்கம் உண்டு.

எழுத வந்தது இதில்லை. அந்த 340 பேரில் ஒருவனுக்குத்தான் எழுத வந்தேன். நீயும் சிரித்திருக்கிறாய் என்று பட்டியலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்தது. ஆமாம், முழுப் பட்டியலையும் பார்த்தேன், வேலையில்லாதவன்தானே. உன் நிச்சயதார்த்தம் நின்றுபோன அன்று விடியற்காலை நாலரை வரை போனில் இருந்தோமே, அதில் பாதி நேரம் நீ பேசவே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. போன் சூடாகிக் காது எரிந்தது, சார்ஜரைச் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன், வைக்கவில்லை. அன்றைக்கு உனக்கு என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை.

மணி ஏழாகப் போகிறது, சித்தியைக் கூப்பிட வேண்டும், இப்போதெல்லாம் நான்தான் கூப்பிடுகிறேன். கமெண்ட்டுகளுக்கு அப்புறம் வந்து பதில் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், பட்டியலைப் பார்ப்பேன்.