கல் நிறைந்த தீவில் கல்லுக்குக் காசா?

புதிதாகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்கப்போகிறவர்கள் எனக்கு அனுப்பும் செய்திகளில் அடிக்கடி வரும் கேள்வி இது: மொரிஷியஸில் இருந்துகொண்டு கல்லைப் போய் விலைக்கு வாங்குவதா? நியாயமான கேள்விதான். கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. கடற்கரையில் நடந்தால் வெள்ளைப் பவளத் துண்டுகள் காலில் குத்துகின்றன. இருந்தாலும் என் பதில் மாறவில்லை. காசு கொடுத்தே வாங்குங்கள். நிலத்தில் வெட்டியெடுத்த அல்லது ஆலையில் செய்த உலர்ந்த கல்லை வாங்குங்கள். அதையும் கொஞ்சமாக வாங்குங்கள்.

பலரும் கல்லைப் பார்வைக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொட்டியில் உண்மையில் உழைப்பது கல்லின் மேலும் உள்ளும் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். கல்லின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத துளைகளில், வேறொரு வகை அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். ஆகவே கல் வாங்கும்போது பார்க்க வேண்டியது துளைகளைத்தான். ஒரே அளவில் இரண்டு கற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கருங்கல், அதாவது பசால்ட் என்ற எரிமலைக் கல், தோற்பது இங்கேதான். அதிலும் துளைகள் உண்டு. ஆனால் அவை குழம்பு ஆறும்போது வாயு விட்டுப்போன குமிழிகள். பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாதவை. தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லை. எடையோ அநியாயம். கரும்புத் தோட்டத்துக் கல் என்றால் இன்னொரு கவலையும் சேர்கிறது: எத்தனை ஆண்டு உரமும் களைக்கொல்லியும் அதன்மேல் விழுந்திருக்கும்? அடியில் முட்டுக் கொடுக்க, சுத்தமான இடத்துக் கல் ஒன்றிரண்டு வேண்டுமானால் வைக்கலாம். கையில் இருப்பது என்ன கல் என்று சந்தேகம் வந்தால் வினிகர் ஊற்றுங்கள். சுண்ணாம்புக் கல் என்றால் நுரைக்கும், பசால்ட் சும்மா இருக்கும்.

இதைச் சொன்னதும், “சுண்ணாம்பாலான பவளக் கல்தான் தண்ணீரின் பி.எச்.-ஐ (அமில-கார அளவை) பிடித்து நிறுத்தும்” என்று ஒருவர் கிளம்புவார். கடைக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பி.எச். 8 சொச்சம் இருக்கும் கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே நிறைந்திருக்கிறது; அதில் கல் கரையாது. கரைக்க வேண்டுமென்றால் கால்சியம் ரியாக்டர் என்ற கருவியில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி பி.எச்.-ஐ 6.5 அளவுக்கு இறக்க வேண்டும். பி.எச்.-ஐத் தாங்கும் காரத்தன்மையைக் கல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், சோதித்து நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

சரி, கடற்கரைப் பவளத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வரும் இடம் இது.

“செத்த பவளம்தானே, யாருக்கு நஷ்டம்?” என்கிறார்கள். முதலில், இங்கே கடலிலிருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். லகூனில், அதாவது பவளத் திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழமில்லாத கடலில், செத்துக் கிடக்கும் பவளத் துண்டு சும்மா கிடக்கவில்லை. நண்டுக்கும் புழுவுக்கும் மீன்குஞ்சுக்கும் அதுதான் வீடு. நீரில் மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்டி வளரவும் அப்படிப்பட்ட கெட்டியான தளம்தான் வேண்டும். 1998-இலும் அதற்குப் பிறகும் கடல் சூடேறி உலகெங்கும் பவளம் வெளுத்தது. நம் தென்கிழக்குக் கரை 2020-இல் தரைதட்டிய வகாஷியோ கப்பலின் எண்ணெயையும் பார்த்துவிட்டது. இருக்கிற தளத்தையும் வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோக என்ன அவசரம்?

இந்தத் தீவு பவளத்தை எரித்த தீவு. கரையோரங்களில் இடிந்து நிற்கும் பழைய சுண்ணாம்புக் காளவாய்களைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஆளுநர் லபோர்டொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கொத்தனார்கள் போர்ட் லூயியைக் கட்டினார்களே, அந்தக் காலத்துச் சுவர்களில் கல் மலையிலிருந்து வந்தது, சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. லகூன் மணல் அள்ளுவதோ 2001 வரை நடந்தது. அது நின்ற பிறகு ஊரே பாறையை அரைத்த மணலில் வீடு கட்டப் பழகிக்கொண்டது. வீடு கட்டுகிறவரால் முடிந்தது மீன் வளர்க்கிறவரால் முடியாதா?

வெளிநாட்டிலிருந்து வரும் லைவ் ராக், அதாவது கடலில் கிடந்து உயிர் ஏறிய கல், பற்றியும் கேட்கிறீர்கள். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. பாக்டீரியாவோடு கடற்பஞ்சு, சின்னச் சின்ன உயிர்கள், ஊதா நிறப் பாசி எல்லாம் கூடவே வரும். கல்லை உடைக்காத குறையாக அடிக்கும் மாண்டிஸ் இறாலும், பிடுங்கப் பிடுங்க முளைக்கும் அய்ப்டாசியா என்ற கடற்சாமந்தியும்கூட வரும். கடற்பவளம் சேர்ந்த கல் என்பதால் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. புளோரிடாவில் கடலிலிருந்து இயற்கைக் கல் எடுப்பதைத் தடுத்துவிட்டு, குத்தகைக்கு எடுத்த கடற்பரப்பில் நிலத்துக் கல்லைப் போட்டு உயிர் ஏற வைத்து எடுக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த வழி. ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை கையைச் சுடும்.

உலர்ந்த கல்லின் குறையையும் சொல்லியாக வேண்டும். முதல் சில மாதங்கள் தொட்டி பார்க்கச் சகிக்காது. டையாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி படியும், அப்புறம் பச்சை முடிப்பாசி வரும், ஊதாப் பாசி வர நாளாகும். பழைய பவளத் திட்டிலிருந்து வெட்டிய கல் என்றால் பாஸ்பேட் கசியலாம். தனி வாளியில் உப்புநீரில் சில வாரம் ஊறவைத்து, நீரைச் சோதித்து, மாற்றிய பிறகு தொட்டியில் இறக்குங்கள். புட்டி பாக்டீரியாவும் கொஞ்சம் அம்மோனியாவும் சேர்த்தால், பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் சுழற்சி பழகிவிடும். மீனுக்கு அதுவரை பொறுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உயிருள்ள கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சில சோவாந்திட் (பவளத்தின் உறவான சிற்றுயிர்) வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு கலந்து மூச்சில் போனால் வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பார்கள். அலாஸ்காவில் மீன்தொட்டி வைத்திருந்த வீடுகளிலும் கடைகளிலும் இந்த நஞ்சை மூச்சில் இழுத்துப் பலர் பாதிக்கப்பட்டதாக நம்பப்படுவது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

எவ்வளவு கல்? காலனுக்கு ஒரு பவுண்டு என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் 200 லிட்டர் தொட்டிக்கு 24 கிலோ வரும். இன்றைய துளைக் கல்லில் அதில் பாதியே போதும் என்பது என் கருத்து. சுவர் எழுப்புவதுபோல் பின்கண்ணாடி வரை அடுக்கிவிட்டால் பின்னால் நீர் ஓடாது, அழுக்குத் தேங்கும், காந்தத்தால் கண்ணாடி துடைக்கவும் முடியாது. அடிக்கல்லை மணலுக்கு முன்பே, நேராகத் தொட்டியின் அடியில் உட்கார வையுங்கள். மணல்மேல் வைத்தால் கோபி மீன் தோண்டித் தோண்டி ஒருநாள் கவிழ்த்துவிடும். மேல்கல்லை எப்பாக்சி வைத்து ஒட்டுங்கள்.

ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் இருப்பவர்கள் உலர்ந்த கல் வாங்கித் தொட்டியில் நீர் நிரப்பியதும் எனக்குச் செய்தி அனுப்புங்கள். என் சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) ஊறிக்கிடக்கும் கல்லிலிருந்து ஒரு கையளவுத் துண்டு தருகிறேன். உங்கள் கல்லில் உயிர் ஏற அது உதவும். அய்ப்டாசியா ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஈரத் துணியும் மூடியுள்ள டப்பாவும் மட்டும் கொண்டுவாருங்கள்.