உளச்சிகிச்சை என்றால் காசு கொடுத்து அறிவுரை கேட்பதா?

"உளச்சிகிச்சை என்பது காசு வாங்கிக்கொண்டு அறிவுரை சொல்வது, நல்ல நண்பர் இருந்தால் அது தேவையே இல்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நண்பர் வேண்டும்தான், ஆனால் அவர் செய்வது வேறு. உதாரணத்துக்கு, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சம்பவம் நடந்ததும் மனதில் சட்டென ஓடும் எண்ணம் எது, அதற்கு ஆதாரம் உண்டா, அதை நம்பி நாம் எதையெல்லாம் தவிர்க்கிறோம் என்று சிகிச்சையாளரும் நாமும் சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம், அப்புறம் வீட்டில் செய்யப் பயிற்சியும் இருக்கும். பதற்றக் கோளாறுக்கு, பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்கள். அறிவுரை இதில் மிகக் குறைவு.

ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். ஒரே அமர்வில் சரியாகிவிடாது. பழைய வலியைப் பேசத் தொடங்கும்போது சில நாட்கள் மனம் இன்னும் கனக்கலாம், அதற்காகப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அதையே அடுத்த அமர்வில் சொல்லுங்கள். பேசியது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. சிலருக்கு மருந்தும் சேர்த்தே தேவைப்படும். சிகிச்சையாளர் ஒத்துவரவில்லையா, தாராளமாக வேறொருவரைப் பாருங்கள்.