பனி என்று விற்றது சோப்பு நுரை

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலக் கார்னிவல் என்று போஸ்டர் அடித்து, அதில் வெள்ளை வெளேரென்று பனி கொட்டுகிற படத்தையும் போட்டவர்களைக் கேட்கிறேன். எந்தப் பனி ஐயா? அந்த ஊரில் மழைக்காலமே கோடையில்தான், அக்டோபரிலிருந்து மார்ச் வரை. குளிர்காலத்தில் வானம் வறண்டு கிடக்கும். 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரிக் குளிர் எலும்பைத் துளைக்கும், அதெல்லாம் சரி. ஆனால் பனி விழக் காற்றில் ஈரம் வேண்டாமா? 2012 ஆகஸ்டில் விழுந்தது. அதற்கு அப்புறம் சொல்லிக்கொள்ளும்படி விழுந்தது 2023 ஜூலை 10ஆம் தேதிதான். அன்றைக்கு ஊரே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்று படம் எடுத்தது. அப்படிப்பட்ட ஊரில் வார இறுதிதோறும் பனி விழும் என்று நுழைவுச்சீட்டு விற்கிறார்கள்.

யாரிடம் விற்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு உண்மை தெரியும். டர்பனில் இருக்கிற நம்மைத்தான் குறி வைக்கிறார்கள். இங்கே ஜூலையிலும் கடலில் குளிக்கலாம். நம் பிள்ளைகள் பனியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறை நேரம் பார்த்து விளம்பரம் வரும், நம்மவர்கள் நிறைய வாழும் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும், பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும். அப்புறம் என்ன, நாங்களும் கிளம்பினோம், சுமார் 570 கிலோமீட்டர் என்3 நெடுஞ்சாலைப் பயணம். மரியன்ஹில் தொடங்கி டி ஹூக் வரை ஐந்து இடங்களில் சுங்கம். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வரும் லாரிகள் வான் ரீனன் கணவாயில் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்து ஏறும். பெட்ரோலும் கடற்கரையை விட உள்நாட்டில் விலை கூட. இத்தனையையும் தாண்டி ஒரு குடும்பம் வந்து நிற்கிறது என்று நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு தூரம் வந்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

பனி என்று அவர்கள் காட்டியது ஒரு கம்பத்தின் மேல் மாட்டிய இயந்திரம். சோப்புத் தண்ணீரை நுரையாக்கி ஊதுகிறது. பிள்ளைகள் ஓடிப்போய் அதில் நின்றார்கள். நுரை உடைந்தால் வெறும் தண்ணீர்தானே? பொழுது சாய்ந்து குளிர் ஏறும் நேரத்தில் தலை முதல் கால் வரை நனைந்து, கண் எரிகிறது என்று என் சின்னவள் அழுதாள். துடைத்துக்கொள்ள ஒரு மறைவிடம் கிடையாது, அனல் காயக் கணப்பு கிடையாது. குளிர்கால விழா நடத்துகிறவர்களுக்குக் குளிர் காய இடம் வேண்டும் என்று தோன்றவில்லை!

பனிச்சறுக்குத் தளம் என்றார்களே, அதில் ஐஸே இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து விரித்திருந்தார்கள். உலகத்தில் பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள், அது குற்றமில்லை. பிளாஸ்டிக் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதன் மேல் சறுக்குக் காலணி ஐஸில் போல வழுக்குவதில்லை, உராய்கிறது. அதற்கு ஒரு தனிக் கட்டணம், காலணிக்கு வேறு கட்டணம்.

சாப்பாட்டுக் கதையைச் சொன்னால் இன்னும் வயிறு எரிகிறது. ஆடி மாதம். அம்மா மாரியம்மன் கஞ்சிக்கு விரதத்தில் இருந்தார்கள். இந்த நாட்டில் அந்த மாதத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கவிச்சி தொடாமல் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாத விஷயமா? "சைவ உணவு உண்டு" என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. உள்ளே கிடைத்தது உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும். அதையும் சாசேஜ் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தார்கள், என் கண் முன்னால். வேறு சட்டி இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பையன் தோளைக் குலுக்கினான். எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா அந்தக் குளிரில் பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே பணம் செல்லாது. கையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் முன்கூட்டியே பணம் போடச் சொல்கிறார்கள். மீதி இருந்தால் அன்றிரவோடு போயிற்றாம். இங்கேதான் எனக்குப் பொறுமை போனது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 63ஆவது பிரிவு இருக்கிறது. முன்பணம் கட்டிய அட்டையோ வவுச்சரோ, அதிலுள்ள தொகை முழுவதும் தீரும்வரை அல்லது மூன்று ஆண்டுகள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அது என் பணம், நான் செலவழிக்கிறவரை என் பணம். பொய் விளம்பரத்துக்கு அதே சட்டத்தில் 41ஆவது பிரிவு.

வெளியே வரும்போது இன்னொன்று. அவ்வளவு கூட்டத்துக்கு ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். தள்ளுமுள்ளில் அம்மாவை நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு வந்தோம். 2001இல் இதே ஊரில், எல்லிஸ் பார்க் மைதானத்தில் நெரிசலில் 43 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் 2010இல் விளையாட்டு, கேளிக்கை நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. இந்தப் பாடம் தெரியாதவர்கள் எந்த ஊரில் கடை விரிக்கிறார்கள்?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் பெரியம்மா மகன் அந்த அண்ணன், "விடுப்பா, வருஷா வருஷம் இப்படித்தான்" என்கிறார். ஏன் விட வேண்டும்? எல்லோரும் விட்டுவிட்டதால்தானே வருஷா வருஷம் நடக்கிறது? நுரையில் நனைந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் பேசாமல் காரில் ஏறினார்கள், நான் பார்த்தேன்.

புகார் எழுதினேன். அடுத்த வருடச் சீட்டில் பாதி விலைத் தள்ளுபடி தருகிறார்களாம், அதுதான் பதில். தள்ளுபடி வேண்டாம், பட்டையில் கிடக்கும் மீதியைத் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேன். போஸ்டரின் படத்தையும் நுரை இயந்திரத்தின் படத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். உங்கள் கையிலும் அந்தப் பட்டை இருந்தால் வெட்டி எறிந்துவிடாதீர்கள், எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நீங்களும் எழுதுங்கள்.