எம்.டி.-பிஎச்.டி. "இலவச மருத்துவப் பட்டம்" அல்ல

"அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் எம்.டி.-பிஎச்.டி. சேருங்கள், மருத்துவப் பட்டம் இலவசமாகவே கிடைக்கும், வெறும் பிஎச்.டி.க்குக் கைக்காசுதான் போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எம்.டி.-பிஎச்.டி. என்பது மருத்துவப் பட்டத்தையும் (அமெரிக்காவில் எம்.டி.தான் அடிப்படை மருத்துவப் பட்டம்) ஆய்வுப் பட்டமான பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்கும் கூட்டுப் படிப்பு. அவர் சொன்னது பாதி சரி, பாதி ஆளைத் தவறான பக்கம் திருப்பிவிடும்.

முதலில் காசு. உயிரியல் மருத்துவத் துறைகளில் பிஎச்.டி.க்கும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆகவே கைக்காசு போகும் என்பது தவறு. கூட்டுப் படிப்பில் கட்டணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் அதற்கு விலை காலம். இரண்டு வருடம் மருத்துவ வகுப்பு, நான்கு வருடம் போல ஆய்வுக்கூடம், மறுபடி இரண்டு வருடம் மருத்துவமனை என்று சுமார் 8 ஆண்டு. நோயாளிகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு மேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி 3 முதல் 7 ஆண்டு. கட்டணத்தை மிச்சம் பிடிக்கவென்று மட்டும் இதில் நுழைவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

அப்புறம், பிஎச்.டி. மட்டும் வைத்திருப்பவர் சொந்த ஆய்வுக்கூடம் நடத்தலாம், என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் ஆய்வு நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023-இல் மருத்துவ நோபல் பெற்ற இருவரில் கட்டலின் கரிக்கோ பிஎச்.டி.; ட்ரூ வைஸ்மன் இரண்டு பட்டமும் பெற்றவர். இருவரும் சேர்ந்து செய்த வேலை அது.

இந்தியாவிலிருந்து போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: இந்தக் கூட்டுப் படிப்புகளுக்கான என்.ஐ.எச். பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவர்களை வேறு நிதியில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் சிலவே. பிஎச்.டி.யில் இந்தச் சிக்கல் வெகு குறைவு.